யூ.எஸ்.பி. ஹப்: வீட்டுக் கணினி மேசைக்கு நம்பகமான ஒன்றைத் தெரிவு செய்தல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – வன்பொருள் அலகுக்கான துணைப்பாடம் (தரம் 10, 11)

கணினியின் துறைகள் பற்றிப் பாடநூலில் நீங்கள் கற்பது சுருக்கமானது. எந்தத் துறையில் எந்தச் சாதனம் செருகப்படும் என்பதைப் படம் பார்த்துப் பெயரிடத் தெரிந்தால் அநேகமாகப் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் வீட்டில் ஒரு கணினியை வைத்துப் பயன்படுத்தும்போது எழும் முதற் கேள்வி வேறு. விசைப்பலகை, சுட்டி, அச்சுப்பொறி, வெப்கமரா, பென்டிரைவ், காவிச் செல்லும் வன்றட்டு என்று சாதனங்கள் பெருகும். துறைகளோ பெருகா. அப்போது கடைக்குப் போய் "ஹப் ஒன்று தாருங்கள்" என்று கேட்கிறோம். கடைக்காரரும் மலிவான ஒன்றை எடுத்துத் தருகிறார். நான்கு துறை, சிறிய நீல விளக்கு, அழகாகவும் இருக்கிறது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்பாடத்தில் ஹப் என்றால் என்ன, அது மின்னோட்டத்தை எவ்வாறு பங்கிடுகிறது, அடப்டருடன் கூடிய ஹப்பை எவ்வாறு தெரிவு செய்வது ஆகியவற்றை நோக்குவோம். விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்ற 'வலு = அழுத்த வித்தியாசம் × மின்னோட்டம்' என்ற சமன்பாடு இங்கே பலமுறை பயன்படும். அதைத் தவிர வேறு கணிதம் எதுவும் தேவையில்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை. வலையமைப்பு அலகிலும் ஹப் என்ற சாதனம் வருகிறது. அது கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது. இது ஒரு கணினியுடன் பல புறச்சாதனங்களை இணைப்பது. பெயர் ஒன்று, வேலை வேறு. வினாத்தாளில் இவை இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளி இழந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

யூ.எஸ்.பி. வந்த கதை

1990களின் நடுப்பகுதி வரை விசைப்பலகைக்கு ஒரு துறை, சுட்டிக்கு இன்னொன்று, அச்சுப்பொறிக்குச் சமாந்தரத் துறை, மோடத்துக்குத் தொடர் துறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவில் துறைகள் இருந்தன. இவற்றுக்குப் பதிலாக ஒரே பொதுத்துறையை அமைக்கும் நோக்குடன் இன்ரெல், மைக்ரோசொஃப்ற், ஐ.பி.எம்., கொம்பாக் முதலிய ஏழு நிறுவனங்கள் ஒன்றுகூடின. 1996 ஜனவரியில் யூ.எஸ்.பி. 1.0 வெளியானது. இன்ரெலில் இவ்வேலைக்குத் தலைமை தாங்கியவர்களுள் முக்கியமானவர் இந்தியாவில் பிறந்த அஜய் பட் என்ற பொறியியலாளர். 2000 ஏப்ரலில் 2.0, 2008 நவம்பரில் 3.0 என அடுத்த பதிப்புகள் வந்தன.

வேகங்களை நினைவில் வைத்திருங்கள். 1.0 இன் உயர்ந்த வேகம் செக்கனுக்கு 12 மெகாபிற்று. 2.0 இன் வேகம் 480 மெகாபிற்று. 3.0 இன் வேகம் 5 கிகாபிற்று. இவை பிற்றுகள், பைற்றுகள் அல்ல என்பதைக் கவனிக்க. 480 ஐ 8 ஆல் வகுத்தால் செக்கனுக்கு 60 மெகாபைற்று வரும். ஆனால் உண்மையான பாவனையில் 30 முதல் 40 மெகாபைற்று கிடைத்தாலே நல்லது. ஏனெனில் கட்டுப்பாட்டுச் செய்திகளும் அதே வடத்தில்தான் போய் வருகின்றன. ஹப்பில் எத்தனை துறைகள் இருந்தாலும் கணினிக்குச் செல்லும் வடம் ஒன்றுதான் என்பதால் அந்த வேகமும் பங்கிடப்படும்.

கடையில் 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மூன்று பெயர்களைக் காண்பீர்கள். மூன்றும் அதே 5 கிகாபிற்றுத்தான். பெயர் மாற்றத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

ஹப் கூட்டுவது எதை?

இனி விடயத்துக்கு வருவோம். யூ.எஸ்.பி. 2.0 வடத்தினுள் நான்கு கம்பிகள் உள்ளன. பச்சையும் வெள்ளையும் தரவைக் கொண்டு செல்கின்றன. சிவப்பும் கறுப்பும் 5 வோல்ற்று மின்னைக் கொண்டு செல்கின்றன. ஆகவே ஒரு துறை என்பது தரவு வழி மட்டுமல்ல, மின் வழியும் ஆகும். கணினியிலுள்ள 2.0 துறை ஒன்று தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லி அம்பியர். 3.0 துறையாயின் 900 மில்லி அம்பியர்.

அடப்டர் இல்லாத ஹப்பொன்றை ஒரு 2.0 துறையில் செருகினால் என்ன நடக்கும்? கிடைப்பது மொத்தம் 500 மில்லி அம்பியர். நியமத்தின்படி அதில் 100 ஐ ஹப் தனது சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும். மீதி 400. நான்கு துறைகளுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 100. இத்தகைய ஹப்புகளில் பெரும்பாலும் நான்கு துறைகள் இருப்பது இதனால்தான். சுட்டி ஒன்றுக்கு 100 மில்லி அம்பியர் போதும். விசைப்பலகைக்கும் போதும். வெப்கமராவுக்குப் பெரும்பாலும் போதாது. சுழலும் வட்டு உள்ள வன்றட்டுக்கு ஒருபோதும் போதாது.

ஆகவே ஹப் துறைகளைக் கூட்டுகிறது, மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை. மின்னோட்டத்தைக் கூட்டுவது அதனுடன் வரும் அடப்டர்தான். அடப்டர் உள்ள ஹப் கணினியிடமிருந்து தரவை மட்டும் பெற்று, மின்னைச் சுவர்க் குதையிலிருந்து பெறுகிறது. அப்போது ஒவ்வொரு 2.0 துறைக்கும் முழு 500 மில்லி அம்பியர் தர முடியும். தர முடியும் என்றுதான் எழுதியிருக்கிறேன். தருகிறதா என்பது அடப்டரைப் பொறுத்தது.

இந்த வேறுபாட்டை நான் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2018 இல், டிசம்பர்ப் பரீட்சைக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது, வகுப்புக் கணினியில் அடப்டர் இல்லாத ஹப்பொன்றைப் பொருத்தி, அதில் விசைப்பலகையையும் சுட்டியையும் வன்றட்டையும் செருகியிருந்தேன். மாதிரி வினாத்தாள்களும் மாணவர்கள் ஆண்டு முழுவதும் செய்த தரவுத்தளப் பயிற்சிகளும் அந்த வன்றட்டில் இருந்தன. கோப்புகளைப் பிரதி செய்துகொண்டிருக்கும்போதே ஒரு மாணவன் தன் பென்டிரைவை நான்காவது துறையில் செருகினான். வன்றட்டில் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். திரையில் வட்டு மறைந்தது. மீண்டும் தோன்றியபோது "வடிவமைக்க வேண்டுமா?" என்று வின்டோஸ் கேட்டது. அவனைக் கடிந்துகொண்டேன். அவனில் ஒரு பிழையும் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. 500 மில்லி அம்பியரை நான்காகப் பிய்த்தவன் நான். பயிற்சிகளில் ஒரு பகுதியை மாணவர்கள் கையால் மீண்டும் தட்டச்சுச் செய்தார்கள். மீதி போனது போனதுதான்.

அந்த 'டிக், டிக்' சத்தம் வட்டைச் சுழற்றுவதற்கு மின்னோட்டம் போதாமையால் எழுவது. அதைக் கேட்டால் உடனே நிறுத்தி, வன்றட்டைக் கணினியின் பின்புறத் துறையில் நேரடியாகச் செருகுங்கள். மீண்டும் மீண்டும் முயல வேண்டாம்.

கணக்கிடும் முறை

உதாரணம்: ஒரு வீட்டு மேசையில் விசைப்பலகை (100), சுட்டி (100), வெப்கமரா (500), 3.0 வன்றட்டு (உச்ச நிலையில் 900), பென்டிரைவ் (300) ஆகியன ஒரே ஹப்பில் இணைக்கப்பட வேண்டும். அடைப்பிலுள்ளவை மில்லி அம்பியரில் தரப்பட்டுள்ளன. ஹப்பின் சொந்தச் செலவு 200 எனக் கொள்க. 5 வோல்ற்று, 2 அம்பியர் அடப்டர் போதுமா?

சாதனங்களின் கூட்டுத்தொகை 1900. ஹப்பின் செலவையும் சேர்த்தால் 2100 மில்லி அம்பியர், அதாவது 2.1 அம்பியர். அடப்டர் தருவது 2. ஆகவே போதாது. இங்கே சிலர், "எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்தில் இயங்காதே சேர்" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பெரும்பாலான நேரம் இயங்காதுதான். ஆனால் வன்றட்டு சுழலத் தொடங்கும் அந்த ஒன்றிரண்டு செக்கன்களில் எல்லாம் சேர்ந்துவிடும். கோப்பு பழுதாக அவ்வளவு நேரம் போதும். நான் எப்போதும் கணக்கிட்ட தொகையுடன் காற்பங்கைக் கூட்டிக்கொள்வேன். 2.1 உடன் காற்பங்கைக் கூட்டினால் ஏறத்தாழ 2.6 வரும். எனவே 5 வோல்ற்று, 3 அம்பியர் அடப்டர், அதாவது 15 வாற்று, பொருத்தமானது.

இப்போது கடையில் தொங்கும் பெட்டிகளைப் பாருங்கள். "7 துறைகள், அடப்டருடன்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அடப்டரைத் திருப்பிப் பார்த்தால் 5 வோல்ற்று, 2 அம்பியர் என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஏழு 2.0 துறைகளுக்கும் முழு மின்னோட்டம் தர 7 × 500 = 3500 மில்லி அம்பியர் வேண்டும். 3.0 ஆயின் 7 × 900 = 6300 மில்லி அம்பியர், அதாவது 31.5 வாற்று. பெட்டியில் இருப்பதோ 10 வாற்று. ஏழு துறை என்பது பொய்யல்ல. ஏழிலும் சுட்டியைச் செருகினால் வேலை செய்யும்!

சில நல்ல ஹப்புகளுக்கு 12 வோல்ற்று அடப்டர் வரும். உள்ளே ஒரு சுற்று அதை 5 வோல்ற்றாகக் குறைக்கிறது. 12 வோல்ற்று, 3 அம்பியர் என்றால் 36 வாற்று. மாற்றும்போது சிறிது வெப்பமாக இழக்கப்பட்டாலும் ஏழு துறைகளுக்கு அது அண்மித்த அளவே. துறைகளின் எண்ணிக்கை கூடிய ஹப் வேண்டுமாயின் இவ்வகையைத் தேடுங்கள்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. 5 வோல்ற்று அடப்டரின் முனையும் வீட்டு ரவுட்டரின் 12 வோல்ற்று அடப்டரின் முனையும் பல வேளைகளில் ஒரே அளவில் இருக்கும். மேசையைத் துடைத்துவிட்டு மாற்றிச் செருகினால் 5 வோல்ற்று ஹப்புக்கு 12 வோல்ற்றுச் செல்லும். மணம் வந்த பிறகு கழற்றிப் பயனில்லை. ஹப் மட்டுமன்றி அதில் இருந்த பென்டிரைவும் சேர்ந்தே போகலாம். வாங்கிய அன்றே ஒரு துண்டு ஒட்டுநாடாவில் 'ஹப் 5' என்று எழுதி முனையருகே ஒட்டிவிடுங்கள். பழுதான அடப்டருக்கு மாற்று வாங்கும்போது வோல்ற்று சமமாக இருக்க வேண்டும். அம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். நடுமுள் நேரா மறையா என்று காட்டும் வட்டக் குறியீடும் ஒத்திருக்க வேண்டும். வோல்ற்று கூடக்கூடாது, அம்பியர் குறையக்கூடாது.

கடையில் பார்க்க வேண்டியவை

அடப்டரின் உள்ளீட்டில் 100–240 வோல்ற்று, 50/60 ஹேட்ஸ் என்று இருக்க வேண்டும். எமது வீட்டு வழங்கல் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ். அமெரிக்க வகைத் தட்டை முள்ளுடன் வரும் அடப்டருக்குக் கடைக்காரர் ஒரு சிறிய மாற்றுச் செருகியை இலவசமாகத் தருவார். அது தளர்வாக இருந்தால் தொடுகையில் பொறி பறக்கும். ஹப்பும் அடிக்கடி விட்டுவிட்டு இயங்கும். சதுர மூன்று முள்ளுடன் நேரடியாக வரும் அடப்டரே சிறந்தது.

அடுத்து மிகையோட்டப் பாதுகாப்பு. ஒரு துறையில் குறுஞ்சுற்று ஏற்பட்டால் அந்தத் துறையை மட்டும் துண்டிப்பது நல்ல ஹப். எல்லாத் துறைகளையும் சேர்த்துத் துண்டிப்பது சுமாரானது. எதையும் துண்டிக்காதது வாங்கக்கூடாதது. பெட்டியில் இது எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாவிட்டால் இல்லை என்றே கொள்க. துறைக்குத் துறை ஆளி வைத்த ஹப்புகள் வசதியானவை. ஆனால் ஆளி வேறு, பாதுகாப்பு வேறு.

மலிவான சில ஹப்புகளில் இன்னொரு குறை உண்டு. அடப்டரின் 5 வோல்ற்று சாதனங்களுக்குச் செல்வதோடு நில்லாமல், வடத்தின் வழியே பின்னோக்கிக் கணினிக்கும் செல்லும். நியமம் இதை அனுமதிப்பதில்லை. சோதிப்பது எளிது. கணினியை முறைப்படி நிறுத்திச் சுவர் ஆளியையும் அணைத்துவிடுங்கள். ஹப்பின் அடப்டர் மட்டும் இயங்கட்டும். ஒரு நிமிடத்தின் பின்னரும் கணினியில் ஏதாவது விளக்கு மங்கலாக எரிந்தால், அல்லது விசிறி அசைந்தால், மின் பின்னோக்கிப் பாய்கிறது. அந்த ஹப்பை உத்தரவாதக் காலத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். தாய்ப்பலகையின் விலையுடன் ஒப்பிட்டால் ஹப்பின் விலை எம்மாத்திரம்?

கொழும்பு பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் ஒரே கட்டடத்தில் வரிசையாக இருப்பதால் ஒப்பிட்டு வாங்கலாம். ஊரில் இரண்டு கடைதான் என்றால் கடைக்காரரிடம் பெட்டியைத் திறந்து காட்டும்படி தயங்காமல் கேளுங்கள். பற்றுச்சீட்டையும் உத்தரவாத ஒட்டியையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்களிடமுள்ள எல்லாச் சாதனங்களையும் ஒன்றாகச் செருகி, பெரிய கோப்பொன்றை அரை மணி நேரம் பிரதி செய்து பாருங்கள். முக்கியமான கோப்பாக இருக்கக்கூடாது. அடப்டர் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் மறுநாளே கடைக்கு.

மின்வெட்டும் ஹப்பும்

இது வெளிநாட்டுப் புத்தகங்களில் அரிதாகவே காணப்படும், எமக்கு மிக அவசியமான விடயம். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடே இருளில் மூழ்கியது. ஒரு குரங்கே காரணம் என்று அமைச்சர் கூறியது உலகச் செய்தியாயிற்று. இந்த அனுபவங்களால் பலர் கணினிக்கு யூ.பி.எஸ். வாங்கிவிட்டார்கள். ஆனால் ஹப்பின் அடப்டரை எங்கே செருகியிருக்கிறார்கள்? சாதாரண சுவர்க் குதையில்.

மின் போனதும் கணினி தொடர்ந்து இயங்கும். ஹப் அடப்டரை இழந்துவிடும். அப்போது பல ஹப்புகள் கணினியின் துறையிலிருந்து மின்னைப் பெறத் தொடங்கும். அதாவது ஒரு கணத்தில் அது அடப்டர் இல்லாத ஹப்பாக மாறிவிடும். வன்றட்டு துண்டிக்கப்படும். யூ.பி.எஸ். இருந்தும் கோப்பு பழுதாகும். ஆகவே ஹப்பின் அடப்டரும் யூ.பி.எஸ்.இன் பின்னாலேயே இருக்க வேண்டும். 15 வாற்று அதற்கு ஒரு சுமையே அல்ல.

மேசையில் எதை எங்கே வைப்பது?

உண்மையைச் சொன்னால் சில வீடுகளில் ஹப்பே தேவைப்படாது. மேசைக் கணினியின் பின்புறத்தில் நான்கு தொடக்கம் ஆறு துறைகள் வரை தூசி படிந்து வெறுமையாக இருக்கும். முன்புறத் துறைகளை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடுகிறோம். முதலில் பின்னால் பாருங்கள்.

ஹப் இருந்தாலும் வன்றட்டைத் தாய்ப்பலகையுடன் நேரடியாக உள்ள பின்புறத் துறையில் செருகுவதே என் வழக்கம். ஹப்பை விசைப்பலகை, சுட்டி, பென்டிரைவ், அச்சுப்பொறி ஆகியவற்றுக்கு விடலாம். அச்சுப்பொறி தனக்கென மின்வழங்கல் கொண்டது. ஆகவே ஹப்பிடம் அது மின் கேட்பதில்லை என்றே சொல்லலாம். கம்பியில்லாச் சுட்டியின் சிறு செருகியை 3.0 ஹப்பிலோ வன்றட்டுக்கு அருகிலோ வைத்தால் சுட்டி தடுமாறுவதுண்டு. 3.0 இன் மின்னிரைச்சல் 2.4 கிகாஹேட்ஸ் வானலையுடன் மோதுவதே காரணம். சுட்டி பழுது என்று எறிந்துவிடாமல் செருகியைத் தள்ளி வையுங்கள்.

ஹப்பில் ஹப்பைத் தொடுப்பதும் உண்டு. நியமம் ஐந்து ஹப்புகள் வரை தொடராக அனுமதிக்கிறது. ஒரு கட்டுப்படுத்தியுடன் கூடியது 127 சாதனங்கள் இணைக்கலாம். இது பரீட்சைக்குரிய எண். ஹப்புகளும் இதில் எண்ணப்படும். வீட்டில் இரண்டாவது ஹப்பே வேண்டாம் என்பேன். 2.0 வடத்தின் நீளமும் 5 மீற்றருக்கு மேற்படக்கூடாது.

கடைசியாக, ஹப்பைத் தேநீர்க் கோப்பைக்கு அருகில் வைக்காதீர்கள். ஊற்றுவது ஒரு பக்கம் இருக்க, சீனி எறும்பு வெறுமையான துறைகளுக்குள் குடியேறும். இதை எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்கமாட்டார்கள்.

பயிற்சி வினாக்கள்

1. அடப்டர் இல்லாத 2.0 ஹப்பொன்றின் நான்கு துறைகளிலும் தலா 100 மில்லி அம்பியர் மட்டுமே கிடைப்பது ஏன்?
விடை: கணினித் துறை தரும் 500 மில்லி அம்பியரில் 100 ஹப்பின் செலவு. மீதி 400 நான்கு துறைகளுக்கும் பங்கிடப்படுகிறது.

2. 1.2 கிகாபைற்றுக் கோப்பொன்றை (1200 மெகாபைற்று எனக் கொள்க) 480 மெகாபிற்று வேகத்தில் பிரதி செய்யக் கோட்பாட்டளவில் எவ்வளவு நேரம் செல்லும்? 12 மெகாபிற்று வேகத்தில்?
விடை: முதலாவதில் 1200 ÷ 60 = 20 செக்கன். இரண்டாவதில் 1200 ÷ 1.5 = 800 செக்கன், அதாவது 13 நிமிடம் 20 செக்கன்.

3. ரவியின் ஹப்பில் 5 வோல்ற்று, 2 அம்பியர் அடப்டர் பழுதாகிவிட்டது. வீட்டில் 5 வோல்ற்று, 1 அம்பியர். 5 வோல்ற்று, 3 அம்பியர். 12 வோல்ற்று, 2 அம்பியர் ஆகிய மூன்று அடப்டர்கள் உள்ளன. முனைகளின் அளவும் முனைவும் ஒன்றே. எதைப் பயன்படுத்தலாம்?
விடை: 5 வோல்ற்று, 3 அம்பியர். ஹப் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே இழுக்கும். முதலாவதில் மின்னோட்டம் போதாது. மூன்றாவது ஹப்பை எரித்துவிடும்.